காத்திருக்கத் தெரியாத நிரல்

1957ஆம் ஆண்டில் கருமுத்து தியாகராசச் செட்டியார் திருப்பரங்குன்றத்தில் நிறுவிய பொறியியற் கல்லூரியைத் தொடர்ந்து மதுரையைச் சுற்றிலும் கல்லூரிகள் பல தோன்றிவிட்டமையால், 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்று அந்நிய வித்தையன்று. ஆயினும், அம்மொழியில் ஒரு பெருங்கணக்கை நான்கு ‘திரெட்’டுகளுக்கு, அதாவது நிரலுக்குள் தனித்தனியே ஓடும் இழைகளுக்கு, பங்கிட்டு ஏககாலத்தில் செய்விக்கும் நிரலை முதன்முதலில் எழுதும் மாணவன் பெரும்பாலும் காண்பது வெறுந்திரையே. பிழைச்செய்தி ஒன்றும் வராது என்பதுதான் இதில் விசேஷம்.

காரணம் அப்படியொன்றும் சூட்சுமமானதன்று. ‘மெயின்’ என்னும் தலைமைப் பகுதி தன் கடைசி வரியை எட்டிய கணமே நிரல் முழுவதும் முடிந்ததாகக் கொள்ளப்பட்டு, பாதி வேலையில் நிற்கும் திரெட்டுகளும் கூடவே கலைக்கப்படுகின்றன. இதற்குப் பரிகாரமாகச் சிலர் கடைசியில் ‘ஸ்லீப்’ கட்டளையிட்டு மெயினை இரண்டு விநாடி உறங்கவைக்கிறார்கள். வேலை அரை விநாடியில் முடிந்தால் மிச்சமெல்லாம் கால விரயம்; மூன்று விநாடி பிடித்தாலோ பழைய கதையே. இது உபாயமன்று, ஜோசியம்.

வெள்ளைத் துணியை முடிச்சுப் போடுவதற்காக வீடு வீடாகக் கொடுத்தனுப்பும் மதுரைச் சுங்கிடி வியாபாரி, புதன்கிழமைக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று உத்தேசமாக எண்ணிச் சாயம் காய்ச்சுவதில்லை. கொடுத்த துணி ஒவ்வொன்றையும் முடிச்சோடு கையில் வாங்கிய பிறகே அடுப்பை மூட்டுவார். 1995ஆம் ஆண்டின் ‘போசிக்ஸ்’ என்னும் இயங்குதளத் தரவிதிகளில் இடம்பெற்ற ‘பிதிரெட் ஜாயின்’ செய்யும் காரியமும் அதுவே. ‘பிதிரெட் கிரியேட்’ திரெட்டைத் தொடங்கும்போது தரும் அடையாளத்தை இதனிடம் ஒப்படைத்தால், அந்தத் திரெட் முடியும் வரை மெயினை நிறுத்திவைப்பதோடு, அதன் விடையையும் வாங்கித் தந்து, அது பிடித்திருந்த நினைவக இடத்தையும் விடுவித்துவிடும். முதல் திரெட் தாமதித்தாலும் பாதகமில்லை. அதற்குள் முடிந்துவிட்ட மற்றவை ஜாயினுக்கு உடனே விடை தந்துவிடும்.

கெட்டிக்கார மாணவரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஒரே சுற்றுக்குள் (‘லூப்’) கிரியேட்டையும் அடுத்த வரியிலேயே ஜாயினையும் எழுதிவிட்டால், முதல் திரெட் முடிந்த பிறகே இரண்டாவது பிறக்கும்; தலைக்கு இரண்டு விநாடி வேலை எனில் நான்கிற்கும் எட்டு விநாடி ஆகும். விடை சரியாகவே வருவதால் குற்றம் எளிதில் கண்ணுக்குப் படாது. ஆகவே, தொடங்கும் சுற்றை முதலில் முடித்துக்கொண்டு, ஜாயினுக்கெனத் தனிச்சுற்று எழுதுங்கள். நான்கு செயலிக் கருக்கள் (‘கோர்’) உள்ள கணினியில் அதே வேலை சுமார் இரண்டு விநாடியில் முடியும்.