காலமும் கதைத் தலைவனும்

பித்தளைப் பாத்திரம் பழுதுற்றால் அதற்கு இருவகையில் பணி செய்வார்கள். ஈயம் பூசுவது ஒன்று. உருக்கி மீண்டும் வார்ப்பது மற்றொன்று. ஈயப்பூச்சு உட்புறத்தை வெண்மையாகக் காட்டும். ஆனால் அடியில் விழுந்த விரிசலை நீக்காது. வார்ப்பு அப்படியன்று. உலோகம் பழையதே ஆயினும் பாத்திரம் புதிதாகப் பிறக்கிறது. நெடுங்காலம் வாழும் கதைத் தலைவர்களுக்கும் இவ்விரு பணிகளும் நிகழ்கின்றன. ஜேம்ஸ் பாண்ட் என்னும் ஆங்கில உளவாளியின் வரலாற்றைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் இந்தப் பொருளையா எடுத்துக்கொண்டான் என்று உங்களுள் சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. இவ்வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவள் என் மாணவி ஒருத்தி. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பாண்டைப் படைத்தவர் இயான் ஃபிளெமிங். இவர் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றியவர். ஜமைக்காத் தீவிலிருந்த தம் இல்லத்தில் இவர் எழுதிய ‘கசினோ ராயல்’ என்னும் முதல் நாவல் 1953-இல் வெளிவந்தது. அக்காலத்துப் பிரிட்டனின் நிலையை எண்ணிப் பாருங்கள். போரில் வெற்றி கிட்டியும் வாழ்வில் செழிப்பு வரவில்லை. உணவுப் பங்கீடு 1954-இல்தான் முற்றும் ஒழிந்தது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றுவிட்டது, பேரரசு சுருங்கிக்கொண்டிருந்தது. அத்தகைய நாட்டு மக்களுக்கு, உயர்ந்த உணவை உண்டு, விரைந்த காரில் சென்று, உலகின் எந்த மூலையிலும் பகைவனை வெல்லும் ஒரு வீரன் ஆறுதலாக விளங்கினான். கதைத் தலைவன் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒரு காலத்தின் ஏக்கமே அவனைப் பெற்றெடுக்கிறது.

ஏக்கம் மாறும்போது தலைவனும் மாறத்தான் வேண்டும். அம்மாற்றம் முதல் திரைப்படத்திலேயே தொடங்கிவிட்டது. ஷான் கானரி நடித்த ‘டாக்டர் நோ’ 1962-இல் வெளிவந்தது. தொடக்ககால நாவல்களில் பாண்டின் பகைவர் பெரும்பாலும் சோவியத் நாட்டின் ஏவலர். திரைப்படம் எடுத்தவர்களோ, எந்த நாட்டையும் சாராத ‘ஸ்பெக்டர்’ என்னும் குற்றக் கூட்டத்தைப் பகையாக நிறுத்தினார்கள். அரசியல் பகை நாளை மாறக்கூடும் என்பதை வணிகர் நன்கு அறிவர்.

அன்று தொடங்கிய நிறுவனம் 2021 வரை 25 படங்களை வெளியிட்டது. கானரி, ஜார்ஜ் லேசன்பி, ரோஜர் மூர், திமதி டால்டன், பியர்ஸ் பிராஸ்னன், டேனியல் கிரெய்க் என்னும் அறுவர் அவற்றில் பாண்டாக நடித்தனர். ஆயின் ஒன்றை மறவாதீர்கள். முகம் மாறுவது வேறு; குணம் மாறுவது வேறு. முதல் முப்பது ஆண்டுகளில் மாறியது பெரும்பாலும் முகமே ஆகும்.

பழைய படங்களின் குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. ‘டாக்டர் நோ’வில் வரும் தீயவன், தந்தை ஜெர்மானியர், தாய் சீனப் பெண் என்று சொல்லப்படுபவன், நடித்தவரோ ஜோசப் வைஸ்மன் என்னும் வெள்ளையர். 1983-இல் வந்த ‘ஆக்டோபசி’யின் ஒரு பகுதி நம் நாட்டின் உதயப்பூரில் படமாக்கப்பெற்றது. சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டின் துணைவராக நடித்தார் என்று நாம் பெருமை கொண்டோம். ஆனால் அதே படத்தின் கடைத்தெருவில் வாளை விழுங்குவோனும் ஆணிப்படுக்கையில் கிடப்போனும் நெருப்புத் தணலுமே இந்தியாவாகக் காட்சி தந்தன. பெருமையில் திளைத்த நான் அதனைக் கவனிக்கவே இல்லை.

இனி என் மாணவியின் செய்திக்கு வருகிறேன். ஆண்டுத் தேர்வு முடிந்த ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவர் கதை கேட்டனர். 1964-இல் வெளிவந்த ‘கோல்டுஃபிங்கர்’ கதையைச் சொன்னேன். அமெரிக்க அரசின் பொற்குவியலைப் பயனற்றதாக்கித் தன் பொன்னின் விலையை உயர்த்த எண்ணும் ஒருவன். அவனுக்கு விமானம் ஓட்டும் பெண். இறுதியில் அவள் மனம் மாறிப் பாண்டுக்கு உதவுதல் என்று சுவைபடக் கூறினேன். வகுப்பு மகிழ்ந்தது. மறுநாள் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். முந்திய ஆண்டு தொலைக்காட்சியில் அவள் அப்படத்தைப் பார்த்திருந்தாள்.

“ஐயா, அந்தப் பெண் ஏன் மனம் மாறினாள் என்று நீங்கள் சொல்லவில்லையே?” என்றாள்.

நான் பேசாதிருந்தேன்.

“அவள் வேண்டாம் என்று தள்ளுகிறாள். அவர் வலிந்து நெருங்குகிறார். அதற்குப் பிறகுதான் அவள் நல்லவளாகிறாள். அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். விட்டுவிட்டால் அவர் நல்லவர் ஆகிவிடுவாரா ஐயா?”

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வினா எழுப்பும் முறையை நான் பயின்றிருக்கிறேன். இவ்வினாவுக்கு விடை சொல்லும் முறையை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. பிள்ளைகளின் நலம் கருதியே அப்பகுதியை விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. கல்லூரி நாளில் நான் கைதட்டி மகிழ்ந்த தலைவனைப் பழியிலிருந்து காப்பாற்றவே விட்டேன். நான் செய்தது ஈயப்பூச்சு.

அவ்வாறாயின் வார்ப்பு என்பது யாது? சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பாண்டுக்கு இனி வேலை என்ன என்னும் வினா எழுந்தது. 1995-இல் வந்த ‘கோல்டன்ஐ’ அவ்வினாவை ஒளிக்கவில்லை. ஜூடி டெஞ்ச் என்னும் நடிகையைப் பாண்டின் மேலதிகாரியாக அமர்த்தி, நீ பழைய பனிப்போரின் எச்சம், பெண்களை மதியாதவன் என்று அவரே நேருக்கு நேர் கடிந்துரைக்கச் செய்தது. குற்றச்சாட்டு கதைக்கு உள்ளேயே வந்து அமர்ந்தது. பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறைக்கு உண்மையிலேயே ஒரு பெண் தலைவரானது 2025-இல்தான் என்பதையும் கருதுங்கள்.

அடுத்து, 2006-இல் கிரெய்க் நடித்த ‘கசினோ ராயல்’. 1953 நாவலில், தான் காதலித்த வெஸ்பர் பகைவருக்கு உளவாக இருந்தாள் என்று அறிந்த பாண்ட், இறந்துபோன அவளை இகழ்ந்துரைப்பதோடு கதை முடிகிறது. படத்திலும் அவன் இகழ்கிறான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அவன் உயிரைக் காக்கவே அவள் பகைவரோடு உடன்பட்டிருக்க வேண்டும் என்று மேலதிகாரி உணர்த்துகிறார். நிகழ்ச்சி ஒன்றே, நோக்கு வேறு. இதுவே வார்ப்பு.

வார்ப்பு எப்போதும் பழுதின்றி அமைவதில்லை. 2012-இல் வந்த ‘ஸ்கைஃபால்’ பல வகையில் சிறந்த படம். எனினும், இளமையிலேயே விற்கப்பட்ட பெண் ஒருத்தி சுட்டுக் கொல்லப்படும்போது பாண்ட் கேலிச் சொல் ஒன்று உதிர்க்கிறான். பழைய விரிசல் மீண்டும் தெரிந்தது. 2021-இல் வந்த ‘நோ டைம் டு டை’ படத்திலோ, 007 என்னும் எண் கருப்பினப் பெண் ஒருவருக்குச் செல்கிறது. பாண்ட் தன் மனைக்கிழத்தியாகக் கருதிய பெண்ணும் மகளும் வாழ வேண்டும் என்று தன் உயிரைத் துறக்கிறான். எத்தனையோ பெண்களை மறந்து நடந்த தலைவன், இறுதியில் ஒரு குழந்தைக்காக நிற்கிறான். அஞ்சாமையும் கடமையுணர்வும் தனிமையும் ஆகிய பழைய உலோகம் அப்படியே இருக்கிறது. வடிவம் மட்டும் வேறு.

இனி மறுபுறத்தைக் காண்போம். 2023-இல் ஃபிளெமிங்கின் நாவல்கள் மறுபதிப்பாயின. இன இழிவைச் சுட்டும் சொற்கள் சில அவற்றில் நீக்கவும் மாற்றவும் பட்டன. புண்படுத்தும் சொல்லை அகற்றும் எண்ணம் நல்லதே. ஆயினும் என் மாணவியின் வினாவை நான் அங்கேயும் கேட்கிறேன். 1954-இல் ஒருவர் எழுதியதை இன்று நீக்கிவிட்டால், 1954 நல்ல காலமாகிவிடுமா? பழைய நூல் ஒரு சான்று. சான்றைத் திருத்துதல் தகாது. முன்னுரையும் விளக்கமும் சேர்த்து, ஆசிரியர் துணையோடு படிக்கச் செய்வதே தக்கது. புதிய படைப்போ நம் பொறுப்பு. அதில் எவ்வளவு வேண்டுமாயினும் மாற்றலாம்.

அன்று அம்மாணவியிடம் வேறொன்றும் சொல்ல இயலாமல், “நீ கேட்டது சரி” என்றேன். மறுநாள் வகுப்பில் விட்ட பகுதியையும் சொல்லி, ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். மாணவர்முன் அவ்வளவு தலைகுனிந்த நாள் வேறில்லை. அவ்வளவு கவனத்தோடு வகுப்பு கேட்ட நாளும் வேறில்லை.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் விரும்பும் தலைவன் புது வடிவில் வருவான். அவன் முகத்தையும் நிறத்தையும் பற்றி உரத்த வழக்குகள் எழும். நீங்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பழைய தவற்றை இவர்கள் மறைத்தார்களா, மாற்றினார்களா? அவ்வினாவைத் திரைக்கு முன்னும் கேளுங்கள். உங்கள் ஆசிரியர் முன்னும் அஞ்சாது கேளுங்கள்.