உட்காதில் ஓட்டை: சத்திர சிகிச்சைக்குப் பின் காது கேட்குமா?

காதால் சீழ் வடிவதை நம்மில் பலர் ஒரு நோயாகவே எடுப்பதில்லை. “சின்ன வயசிலேருந்தே அப்படித்தான், தடிமன் வந்தா வடியும், பொறகு நிண்டிடும்” என்பார்கள். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் இரண்டு துளி விட்டுப் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். வருடங்கள் கழித்து ஒரு நாள், மூக்கைச் சீறும்போதோ காதைக் குடையும்போதோ வீடே சுழல்கிறது. உட்காதில் ஓட்டை விழுந்திருக்கிறது, சத்திர சிகிச்சை வேண்டும் என்கிறார் வைத்தியர். உடனே வீட்டார் கேட்பது: “ஒபரேஷன் செஞ்சா காது கேக்குமா?”

இந்த ஓட்டைக்குப் பெரும்பாலும் காரணம் கொலஸ்டியட்டோமா. இது புற்றுநோயல்ல, நடுக்காதுக்குள் வளரும் ஒரு தோல் பை. ஆனால் பக்கத்திலுள்ள எலும்பை மெல்ல மெல்ல அரிக்கும். முதலில் சிற்றென்புகள் போகும். பிறகு சிலருக்கு உட்காதின் சுவரும் கரையும். நடுக்காதுக்கு மிக நெருக்கமாக இருப்பதால் பக்க அரைவட்டக் கால்வாயிலேயே ஓட்டை அதிகம் விழுகிறது. அது உடற்சமநிலைக்கான உறுப்பு. தலை சுற்றுவது அதனால்தான்.

வீட்டாரின் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஏனெனில் கேட்டல் இரண்டு படிகளில் நடக்கிறது. செவிப்பறையும் சிற்றென்புகளும் ஒலியை உள்ளே கடத்துகின்றன. உட்காது அதை நரம்புச் செய்தியாக மாற்றுகிறது. கடத்தும் பகுதி பழுதானால் பின்னர் சீர்செய்யப் பார்க்கலாம், கேட்கும் கருவியும் உதவும். உட்காது செத்துப்போனால் அதை மீட்பது அரிது. ஆகவே சத்திர சிகிச்சையின் முதல் நோக்கம் நோயை அகற்றுவது, இரண்டாவது உட்காதில் மிஞ்சியிருப்பதைக் காப்பது. கேட்டலைக் கூட்டுவது அதற்கும் பிறகுதான்.

ஓட்டையின் ஆழமே பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 1995இல் டோர்ன்ஹோஃபர், மிலெவ்ஸ்கி ஆகிய இருவரும் இதை மூன்று வகையாகப் பிரித்தனர்: எலும்பு அரிக்கப்பட்டும் உள்சவ்வு கிழியாதது, சவ்வு திறந்து வெளித்திரவம் தெரிவது, உள்ளிருக்கும் சவ்வுக் குழாயே சிதைந்தது. முதல் வகையில் ஆபத்துக் குறைவு, மூன்றாவதில் மிக அதிகம். ஓட்டை நத்தைச்சுருளில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டையின் மேலுள்ள தோலைக் கடைசியாகவே தொடுவார்கள். அந்த இடத்தில் திரவத்தை உறிஞ்சாமல், உடனே தசையுறையாலோ எலும்புத் துகளாலோ மூடிவிடுவார்கள். சிலர் அந்தத் தோலை அகற்றாமலே விடுவதும் உண்டு. எது சிறந்தது என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை இருக்கிறது.

கவனமாகச் செய்தால், பெரும்பாலானோருக்கு முன்பிருந்த எலும்புவழிக் கேட்டல் அப்படியே நிற்கிறது. ஒரு சிலருக்குக் கூடுகிறது, ஒரு சிலருக்கு அந்தக் காது முற்றாகவே செவிடாகிறது. இதைக் கேட்டுப் பயந்து சத்திர சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. ஆனால் விட்டுவைத்தால் கேட்டல் மட்டுமல்ல, முகநரம்பும் மூளையும்கூட ஆபத்துக்குள்ளாகலாம்.

ஆகவே வைத்தியரிடம் “காது கேக்குமா?” என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “எலும்புவழிக் கேட்டல் இப்ப எவ்வளவு மிச்சம் இருக்கு?” காப்பாற்ற வேண்டியது அதுதான். நாற்றத்தோடு சீழ் வடியும் காதை, தலை சுற்றும்வரை விட்டுவைக்காமல் காட்டிவிடுவதே அதைக் காக்கும் முதல் வழி.