தொலைபேசியில் 48 இலக்கங்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் லேப்டாப் பழுதானால், ஹெல்ப்டெஸ்க் பொறியாளர் ரிமோட் மென்பொருள் வழியாகத்தான் உள்ளே வருகிறார். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதில்லை. அதனால் லேப்டாப்பில் ஓடும் சிறு நிரல் ஒன்று தானே வெளியே போய் ஒரு சர்வரைத் தொட்டுக்கொண்டு காத்திருக்கிறது. பொறியாளரும் அந்த சர்வருக்கே வந்து சேர்கிறார். வீட்டுக்குள் இருப்பவர் கதவைத் திறந்து வைத்தியரை அழைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. உள்ளே இருப்பவரே மயங்கிக் கிடந்தால், வாசலில் நிற்கும் வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் நாடி பிடித்துப் பார்க்க வழியில்லை.

2024 ஜூலை 19 அன்று அதுதான் நடந்தது. இந்திய நேரப்படி காலை 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பு, விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட கணினியைச் சரிசெய்ய, அத்தியாவசியங்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் நுழைந்து, 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பை அழித்தால் போதும். ஆனால் விண்டோஸ் எழாதபோது ரிமோட் நிரலும் எழாது. வீட்டில் இருப்பவரே கை வைக்க வேண்டும். பல லேப்டாப்புகளில் வட்டிலுள்ள தகவலை மறையாக்கிக் காக்கும் பிட்லாக்கர் பூட்டு வேறு. அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். பொறியாளர் தொலைபேசியில் வாசிக்க, ஊழியர் ஒவ்வோர் இலக்கமாகத் தட்ட வேண்டும்.

இந்த எண்ணின் அமைப்பு அழகானது. 128 பிட் ரகசிய எண் எட்டுத் துண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் 0 முதல் 65,535க்குள் அடங்கும். அதை 11ஆல் பெருக்கி ஆறு இலக்கமாக எழுதுகிறார்கள். 24,310 என்பது 267410 ஆகிறது. அதை 276410 என்று காதில் வாங்கித் தட்டினால் 11ஆல் வகுபடாது. திரை அந்தத் துண்டிலேயே பிழையைச் சொல்லிவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் நிச்சயம் பிடிபடும். தட்டும்போது வழக்கமாக நேரும் தவறுகள் இவைதாம். முற்றிலும் வேறான எண்ணோ இந்த வகுத்தல் சோதனையில் பதினொன்றுக்கு ஒருமுறை தப்பிவிடலாம்.

  

இனி ஹெல்ப்டெஸ்க் முழுவதையும் சாட்பாட்டே கவனித்துக்கொள்ளும் என்ற விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கடவுச்சொல் மாற்றம் போன்ற வேலைகளை அது செய்யும். எழாத கணினியை அதுவும் எட்ட முடியாது. மீட்பு எண்ணைக் கேட்பவர் உண்மையான ஊழியர்தானா என்ற கேள்வியும் உண்டு. அலுவலகத்தில் முகம் பார்த்துத் தீர்ந்த விஷயத்துக்கு இப்போது வீடியோ அழைப்பும் மேலாளரின் ஒப்புதலும் தேவைப்படலாம்.

பல நிறுவனங்களில் ஊழியர் தன் மீட்பு எண்ணை அலுவலகக் கணக்கின் பக்கத்திலேயே பார்க்கலாம். லேப்டாப் நன்றாக ஓடும்போதே, அந்தப் பக்கம் கைபேசியில் திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.