நிறத்தை விட்டு முதுகைப் பாருங்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கு உருவம் தருவது அச்சு. வண்ணம் பிறகு ஏறுவது. தங்கமீனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் பலரும் நிறம் சொல்லியே மீன் கேட்கிறார்கள். ஆனால் எல்லா வகையும் ‘கராசியஸ் அவுராட்டஸ்’ என்ற ஒரே இனம்தான். குஞ்சில் மங்கிய பழுப்பாக இருப்பது வளர்ந்தபின் ஆரஞ்சாகிறது. கறுப்பு மீனும் வயதேற வெளுப்பதுண்டு. உடலமைப்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. முதுகுத் துடுப்போடு தலையில் சதைக் கொண்டையும் இருந்தால் ஒராண்டா. கொண்டையின்றி, தலைக்குப் பின்னால் முதுகு திமிலாக எழும்பினால் ரியூகின். திமிலும் இல்லையென்றால் விசிறிவாலாக இருக்கலாம். சிங்கத்தலைக்கும் ரஞ்சுவுக்கும் முதுகுத் துடுப்பே கிடையாது.

கொண்டை ஒன்றே போதாதா என்று கேட்கலாம். அது வளர மாதங்கள் பிடிக்கும்; குஞ்சு வாங்குபவருக்குத் துடுப்புதான் துணை. சிங்கத்தலையையும் ரஞ்சுவையும் பிரிக்கத் துடுப்பு உதவாதே என்பது நியாயமான மறுப்பு. அங்கே முதுகின் கோட்டைப் பாருங்கள்: சிங்கத்தலைக்கு ஏறக்குறைய நேராக ஓடும், ரஞ்சுவுக்கு வில்லாக வளைந்து வாலருகே சட்டென்று இறங்கும். கலப்பு மீன்களில் இந்தக் கோடும் குழம்பும். அவற்றுக்குப் பெயர் சூட்டாமல் விடுவதே நேர்மை. பார்க்கும் கோணமும் முக்கியம். கண்ணாடித் தொட்டிக்கு முன்பு, மிங் காலச் சீனத்தில் தங்கமீன்கள் பெரிய பீங்கான் தொட்டிகளில் மேலிருந்து ரசிக்கப்பட்டன. ஜப்பானில் ரஞ்சுவை இன்றும் மேலிருந்து பார்த்தே மதிப்பிடுகிறார்கள். ஆகவே வாங்கும்முன் மீனை அகன்ற பாத்திரத்தில் விட்டும் பாருங்கள். அதிலேயே வளர்க்க வேண்டாம், இடம் போதாது.