ஹெட்போனுக்கேற்ற மேசைப் பெருக்கி

பெங்களூரு நகர மாவட்டத்து ஆனேக்கல் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் அத்திபெலே. பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் அருகருகே அமைந்துள்ளமையின், சரக்கு லாரிகளின் ஓசை இரவிலும் முற்ற அடங்குவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபெல், இரவில் 70 டெசிபெல் என்றும், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்றும் வரம்பு வகுத்துள்ளன. இவ்விரு வகைப் பகுதிகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் ஊரில், தம்பூராவின் மெல்லிய நாதத்தைக் கேட்டுணர விழைவோர் ஹெட்போனை நாடுவது இயல்பே.

விலையுயர்ந்த ஹெட்போனை வாங்கியவுடன் அடுத்த வினா எழுகிறது. அதனை இயக்குவதற்கு மேசைமீது வைக்கும் தனிப் பெருக்கி ஒன்று வேண்டுமா? வேண்டுமெனின் எத்தகையது வேண்டும்? ஹெட்போனின் விலைக்கு நிகரான தொகையைப் பெருக்கிக்கெனச் செலவிடுவோரும் உளர். அத்தொகை வீணாவதும், சில வேளைகளில் செவிக்கே ஊறு நேர்வதும் பெரும்பாலும் ஹெட்போனுடன் வரும் தாளில் அச்சிட்டுள்ள இரண்டு எண்களைப் பொருளுணர்ந்து படியாமையால் விளைவன.

அவ்விரண்டனுள் முதலாவது மின்மறுப்பு. மாறுமின்னோட்டத்திற்கு ஒரு கருவி காட்டும் மொத்தத் தடையே மின்மறுப்பு எனப்படும். இது ஓம் என்னும் அலகால் அளக்கப்பெறும். இரண்டாவது உணர்திறன். குறிப்பிட்ட மின் அளவைச் செலுத்தினால் எத்துணை டெசிபெல் ஒலி எழும் என்பதை இது காட்டும். இங்கு ஒரு பெருங்குழப்பம் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட் திறனுக்கு எழும் ஒலியையும், வேறு சில ஒரு வோல்ட் மின்னழுத்தத்திற்கு எழும் ஒலியையும் குறிப்பிடுகின்றன. இரண்டும் ஒன்றல்ல. 300 ஓம் ஹெட்போனில் ஒரு வோல்ட் என்பது ஏறத்தாழ 3.3 மில்லிவாட், ஆகவே இரு குறிப்புகளுக்கும் இடையே 5 டெசிபெல் வேறுபாடு தோன்றும். 32 ஓம் ஹெட்போனிலோ ஒரு வோல்ட் 31 மில்லிவாட்டாகும். வேறுபாடு 15 டெசிபெல் ஆகிவிடும். அலகை நோக்காது எண்ணை மட்டும் ஒப்பிடுவோர், கிலோவையும் பவுண்டையும் ஒரே தராசில் இட்டவர் போலாவர்.

இனி, உண்மையான இரு கருவிகளை எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். சென்ஹைசர் நிறுவனம் 2003இல் வெளியிட்ட எச்.டி. 650 என்னும் ஹெட்போனின் மின்மறுப்பு 300 ஓம். ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபெல் ஒலி எழுப்புவது. ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்.இ.-6 என்பது வேறு வகையினது. அதில் கூம்பும் கம்பிச் சுருளும் இல்லை. மெல்லிய சவ்வின்மீதே மின்கடத்தும் தடம் பதிக்கப்பெற்று, அச்சவ்வு காந்தங்களினிடையே அதிர்கிறது. அதன் மின்மறுப்பு 50 ஓம். உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல் மட்டுமே.

இசையின் சராசரி அளவுக்கும் அதன் திடீர் உச்சங்களுக்கும் இடையே 20 டெசிபெல் வரை வேறுபாடு இருத்தல் கூடும். சராசரியாக 80 டெசிபெல்லில் கேட்பவருக்கு உச்சங்கள் 100 டெசிபெல்லை எட்டலாம். மேலும் 10 டெசிபெல் சேமவளமாக வைத்து, 110 டெசிபெல்லை எல்லையாகக் கொள்வோம். எச்.டி. 650 இவ்வெல்லையை எட்டுவதற்கு ஏறத்தாழ 2.2 வோல்ட்டும் 17 மில்லிவாட்டும் போதும்; செல்லும் மின்னோட்டம் 8 மில்லியாம்பியருக்கும் குறைவு. எச்.இ.-6 அதே எல்லையை எட்டுவதற்கு 4.7 வோல்ட், 447 மில்லிவாட், 95 மில்லியாம்பியர் வேண்டும். அதாவது திறன் 27 மடங்கு! 300 ஓம் என்னும் பெரிய எண்ணைக் கண்டு அதனை இயக்குதற்கரிய கருவி என்றும், 50 ஓம் என்பதைக் கண்டு எளிய கருவி என்றும் கொள்ளும் வழக்கம் எத்துணைப் பிழையானது என்பது இதனால் விளங்கும்.

இதிலிருந்து பெறப்படும் இன்னொரு செய்தி வணிகருக்கு அத்துணை உவப்பானதன்று. எச்.டி. 650இல் 100 டெசிபெல் உச்சத்திற்கு வேண்டுவது 0.7 வோல்ட் அளவே. ஒரு வோல்ட் தரவல்ல கைபேசியோ, கைபேசியுடன் இணைக்கும் சிறு மாற்றியோ இதனைத் தந்துவிடும். அத்தகைய கேள்வியாளர் பெருக்கியை வாங்குவதற்கு முன்னர், தம்மிடம் உள்ள கருவியின் ஒலியை முழுமையாக உயர்த்த வேண்டிய தேவை தமக்கு என்றேனும் நேர்ந்ததா என்று நோக்குவது நன்று. நேர்ந்ததில்லையெனின், திறன் போதாமை என்னும் காரணம் அவருக்கு இல்லை.

பெருக்கியின் விளம்பரத்தில் காணும் வாட் எண்ணையும் இவ்வாறே நுணுகிக் காணல் வேண்டும். 32 ஓமில் 2 வாட் தரும் பெருக்கி, அதற்கென 8 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்துகிறது. அதே 8 வோல்ட் 300 ஓமில் 213 மில்லிவாட்டே தரும். இது குறைபாடன்று, ஓமின் விதி. ஆயினும் தம் ஹெட்போனின் ஓம் அளவில் அப்பெருக்கி தரும் திறன் யாது என்று கேட்டறியாமல் பணம் கொடுத்தல் ஆகாது.

திறனைவிட இசையின் தன்மையை மிகுதியாகப் பாதிப்பது பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு. பெருக்கியினுள்ளே ஹெட்போனுடன் தொடராக நிற்கும் மறைவான தடை என்று இதனைக் கருதலாம். 1996இல் வெளியான ஐ.இ.சி. 61938 என்னும் பன்னாட்டுத் தர ஆவணம் இதற்கு 120 ஓம் என்ற அளவைப் பரிந்துரைத்தது. பழைய பெருக்கிகள் பலவற்றில் ஹெட்போன் துளைக்குத் தொடர்த்தடை வழியாகவே மின் செலுத்தப்பெற்றது. ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாயிருப்பின் இதனால் ஒலி சற்றுக் குறைவதன்றி வேறு கேடில்லை. சவ்வுத் தளம் முழுதும் இயங்கும் வகைக்கு இது பொருந்தும். கம்பிச் சுருள் வகையில் நிலைமை வேறு. எச்.டி. 650இன் மின்மறுப்பு, அதன் ஒத்ததிர்வு நிகழும் 100 ஹெர்ட்சை அடுத்த பகுதியில் ஏறத்தாழ 500 ஓம் வரை உயர்கிறது. 120 ஓம் பெருக்கியுடன் இணைத்தால் அப்பகுதி மட்டும் ஒரு டெசிபெல் அளவு எழும்பி ஒலிக்கும். ஒரு ஓம் பெருக்கியில் அவ்வேறுபாடு நூற்றில் ஒரு டெசிபெல்.

ஒரு டெசிபெல் அற்பமன்றோ எனலாம். கருநாடக இசையில் அப்பகுதியில் ஒலிப்பன யாவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் பாடுவோரின் மத்திய ஸட்ஜம் ஏறத்தாழ 130 ஹெர்ட்சு. தம்பூராவின் மந்தரத் தந்தி அதன் பாதியாகிய 65 ஹெர்ட்சு. மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் ஆழ்ந்த நாதமும் இத்தாழ் பகுதியைச் சார்ந்ததே. வலந்தலையின் நடுவே இடும் கரிய பூச்சினால் மிருதங்கத்தின் மேலோசைகள் ஒத்திசைத் தொடராக அமையும் அருமையைச் சர் சி. வி. இராமன் 1920இல் முதலிலும், பின்னர் 1934இல் பெங்களூரில் தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் விரிவாகவும் விளக்கினார். அவ்வலந்தலைக்கும் தொப்பிக்கும் வித்துவான் அமைத்த சமன்பாட்டை ஒரு மறைவான தடை மாற்றிவிடுதல் முறையன்று. 32 ஓம் சுருள் வகையில் தீங்கு இன்னும் பெரிது. ஒரு பகுதியில் மட்டும் மின்மறுப்பு 80 ஓமாக உயரும் ஹெட்போனை 120 ஓம் பெருக்கியுடன் பொருத்தினால், அப்பகுதி ஐந்தரை டெசிபெல் வீங்கிவிடும். இதற்கெனப் பலரும் கொள்ளும் விதி, பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்பது. 32 ஓமுக்கு 4 ஓம் எல்லை.

விற்பனையாளர் இவ்வெண்ணைத் தாராராயின், பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இதனை அளந்துவிடலாம். மேனிலை வகுப்பு மாணவர்க்கு ஓம் விதியைக் காட்டச் சிறந்த சோதனையுமாகும். கைபேசியிலிருந்து 100 ஹெர்ட்சுச் சீரொலியைப் பெருக்கியினுட் செலுத்துக. ஹெட்போனை இணையாமல், வெளியீட்டின் மாறுமின்னழுத்தத்தைப் பல்லளவிமானியால் அளந்து, ஒலிக் குமிழைத் திருப்பி 0.50 வோல்ட்டில் நிறுத்துக. குமிழை அசைக்காமல், வெளியீட்டின் குறுக்கே 33 ஓம் தடை ஒன்றை இணைத்து மீண்டும் அளக்க. இப்போது 0.44 வோல்ட் காட்டுமாயின், முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்க, 4.5 ஓம் என்னும் விடை கிடைக்கும். இதற்கு வேண்டுவது சில ரூபாய் விலையுள்ள ஒரு தடையே.

வால்வுப் பெருக்கிகளைப் பற்றியும் ஒரு சொல். வெளியீட்டு மின்மாற்றி இல்லாத வால்வுப் பெருக்கிகளில் வெளியீட்டு மின்மறுப்பு பொதுவாக மிகுதி, மின்னோட்டம் குறைவு. 300 அல்லது 600 ஓம் ஹெட்போனுடன் அவை இணங்கும், எச்.இ.-6 போன்றவற்றுடன் இணங்கா. 1954இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் தோன்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்தது. அவ்வுற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயினும், எஞ்சிய வால்வுகளைத் தேடிப்பிடித்துப் பொருத்தி மகிழ்வோர் உண்டு. அம்மகிழ்ச்சிக்கு யாரும் தடை சொல்ல வேண்டுவதில்லை. மாற்று வால்வு கிடைக்குமா என்பதை மட்டும் முன்னரே உறுதி செய்து கொள்ளல் தகும்.

அத்திபெலே போன்ற இடத்திற்கே உரிய இடர் இனி வருவது. உயர்விலை ஹெட்போன்களிற் பல, பின்புறம் திறந்த அமைப்பின. அவற்றின் வழியே வெளியோசை தடையின்றிப் புகும். சன்னலுக்கு அப்பால் லாரி உறுமும்போது, கேட்பவர் தம்மையறியாமல் குமிழைத் திருப்புகிறார். திறன் மிக்க பெருக்கியோ தயங்காமல் கொடுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறி, வயது வந்தோர் வாரத்திற்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் காலம் பாதியாகக் குறையும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. வெளியோசையை வெல்வதற்கென ஒன்பது டெசிபெல் உயர்த்தியவர் தம் வாரத்தின் எட்டில் ஏழு பங்கை இழந்தவராவார். சிறுவர்க்கோ தொடக்க எல்லையே 75 டெசிபெல். இழந்த செவியுணர்வை எந்தப் பெருக்கியும் மீட்டுத் தராது. ஆதலின் நெடுஞ்சாலையை அடுத்து வாழ்வோர் முதலில் அறையின் ஓசையைக் கைபேசிச் செயலி கொண்டேனும் உத்தேசமாக அளந்து, அது மிகுதியாயின் பெருக்கிக்கெனக் குறித்த பணத்தைச் சன்னலின் இடைவெளிகளை அடைப்பதற்கோ, பின்புறம் மூடிய ஹெட்போனுக்கோ செலவிடுதல் மேல். மூடிய வகையும் லாரியின் தாழ்ந்த உறுமலை முற்றிலும் தடுப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எஞ்சியது மின்வழங்கல். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு. பெருக்கியையும் கணினியையும் வெவ்வேறு சுவர்த்துளைகளில் செருகி ஒன்றோடொன்று இணைத்தால், நிலத்தொடர்புகளினிடையே மின்சுற்று ஏற்பட்டு 50 அல்லது 100 ஹெர்ட்சு முரலோசை கேட்கலாம். இரண்டையும் ஒரே நிலத்தொடர்புள்ள பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். நிலத்தொடர்புக் கம்பியைத் துண்டித்து அடக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவிலிருந்து உறவினர் வழி வரவழைக்கும் பெருக்கிகள் சில 120 வோல்ட்டுக்கு மட்டுமே அமைந்த மின்மாற்றியுடன் வரும். அவற்றை நம் சுவர்த்துளையில் நேரே செருகினால் கருகிவிடும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்ற குறிப்பு, அடாப்டரின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கடையிலேயே படித்துப் பார்க்கலாம்.