கவலைப்பட்டால் கழுத்து ஏன் இறுகுகிறது?

பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப் பாருங்கள்: தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். பின்கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் டிரப்பீசியஸ் தசையின் வேலை அது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடவோ சண்டையிடவோ வேலையில்லை. ஆனாலும் சில தசை இழைகள் ஓய்வில்லாமல் சுருங்கியே கிடக்கும். வலி வருவதற்கு அது போதும்.

சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் தன் நூலில் விளக்கிய தசைத் தளர்வு முறையை ஒட்டி, இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் எளிய பயிற்சி இது: மூச்சை இழுத்தபடி தோள்களைத் தூக்குங்கள், 5 விநாடி வைத்திருங்கள், மூச்சை விட்டபடியே சட்டென்று தொங்கவிடுங்கள். பிறகு 20 விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இறுக்கத்தை மூளை அடையாளம் காணப் பழகுவதே இந்தக் கவனிப்பில்தான். கழுத்தைச் சொடுக்காதீர்கள். கை மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள்.