அடுப்படியில் ஓர் ஆய்வுகூடம்

கறி பட்ட வெள்ளைச் சட்டைக்குச் சவர்க்காரம் போட்டுக் கசக்கும்போது மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாக மாறுவதைக் காணாத தாய்மார் இல்லை. ஆலாத்தி எடுப்பதற்காக மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்ததும் நீர் சிவந்துவிடுவதையும் எல்லோரும் அறிவோம். இரண்டிலும் நடப்பது ஒரே மாற்றமே. ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத் தாளை வைத்துச் செய்யும் பரிசோதனையை எங்கள் வீடுகளில் பெயர் தெரியாமலே காலங்காலமாகச் செய்து வருகின்றோம்.

1990களிலும் அதன்பின் 2009 வரையும் போரால் இடம்பெயர்ந்த பிள்ளைகள் மர நிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும் படித்தார்கள். சோதனைக் குழாயைக் கண்ணால் காணாமலே விஞ்ஞானப் பாடத்தில் பரீட்சை எழுதியவர்கள் பலர். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு விஞ்ஞானம் என்பது கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதும் பாடமாகவே நின்றுவிடக் கூடாது. அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. மஞ்சள், தேசிக்காய், அப்பச்சோடா, சாம்பல், வேலியில் பூக்கும் செவ்வரத்தம்பூ ஆகியவை போதும்.

மஞ்சள் தாள்

இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிது நீரில் குழைத்து வெள்ளைக் கடதாசியில் பூசி நிழலில் காயவிடுங்கள். தூளைத் தட்டிவிட்டுக் கடதாசியைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டில் சவர்க்கார நீரைத் தொட்டு வைத்தால் அது செங்கபில நிறமாகும். அதே இடத்தில் தேசிப்புளி விட்டால் மறுபடியும் மஞ்சளாகும்.

சவர்க்காரம், சுண்ணாம்பு, சாம்பல் நீர் போன்றவை காரத் தன்மை உடையவை. தேசிப்புளி, வினாகிரி, பழப்புளி ஆகியவை அமிலத் தன்மை உடையவை. இப்படி நிறம் மாறி அமிலத்தையும் காரத்தையும் எமக்குக் காட்டும் பொருளைக் 'காட்டி' என்பர். மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும். அமிலத்தில் அது மஞ்சளாகவே இருக்கும். இரண்டையும் காட்டுவதற்குச் செவ்வரத்தம்பூ வேண்டும்.

செவ்வரத்தம்பூ நீர்

ஐந்து சிவப்புச் செவ்வரத்தம்பூக்களின் இதழ்களை மட்டும் எடுத்து ஒரு கோப்பை சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்தெடுங்கள். சுடுநீரைப் பெரியவரே ஊற்ற வேண்டும். ஆறியபின் ஐந்து கண்ணாடிக் குவளைகளிலோ வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல்களிலோ சம அளவாக ஊற்றி, வெள்ளைத் தாளின்மேல் வரிசையாக வையுங்கள்.

முதலாவது குவளையில் மழைநீர் சிறிது விடுங்கள். இரண்டாவதில் தேசிப்புளி, மூன்றாவதில் வினாகிரி, நான்காவதில் அப்பச்சோடா கரைத்த நீர், ஐந்தாவதில் அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளிந்த நீர் என ஒவ்வொரு தேக்கரண்டி விடுங்கள். புளிகள் விட்ட குவளைகள் பளிச்சென்ற சிவப்பாகும். சோடாவும் சாம்பல் நீரும் விட்டவை பச்சை நிறம் கொள்ளும். நீலச் சங்குப்பூ கிடைத்தால் அதையும் இவ்வாறே செய்யலாம். அதன் நீல நீர் புளியில் ஊதாவாகும்.

பூவின் இந்த நிறப்பொருளுக்கு அந்தோசயனின் என்று பெயர். ஐரோப்பாவில் ரொபேட் பொயில் என்ற விஞ்ஞானி ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் 1664ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் செய்ததைத்தான் உங்கள் பிள்ளையும் செய்கின்றது.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதையும் ஊற்றுவதற்கு முன், "என்ன நிறம் வரும் என்று நினைக்கிறாய்? ஏன்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் பிழையானாலும் திருத்த வேண்டாம், குவளை திருத்தும். மழைநீர்க் குவளை எதற்கு என்றும் கேளுங்கள். மற்றக் குவளைகளில் மாற்றம் நடந்தது என்று சொல்வதற்கு, புளியோ காரமோ படாத குவளை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அரைவாசி வயலுக்குப் பசளை போட்டு மற்ற அரைவாசியைப் போடாமல் விட்டுப் பார்க்கும் கமக்காரனின் அறிவும் இதுதான்.

பொங்கும் கல்

ஒரு போத்தலில் மூன்று மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். பலூன் ஒன்றில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டு அதைப் போத்தல் வாயில் மாட்டுங்கள். பலூனை நிமிர்த்திச் சோடாவை உள்ளே விழுத்தினால் நுரை பொங்கும். பலூன் தானே ஊதும். அதை ஊதுவது காபனீரொட்சைட்டு வாயு.

அடுத்து, சிப்பித் துண்டையோ முட்டைக் கோதையோ வினாகிரியில் போட்டுப் பாருங்கள். அங்கும் குமிழிகள் எழும். இவையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லும் கல்சியங்காபனேற்று என்ற ஒரே பொருளாலானவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவது அந்தக் கல்தான். அதன்மேல் வினாகிரி விட்டால் பொங்கிக் கரையும்.

இதைப் போத்தலிலும் காணலாம். ஒரு போத்தலில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் அரைவாசி விட்டு, ஒரே அளவு சவர்க்காரச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். சலவைத் தூள் இதற்கு உதவாது. மழைநீரில் நுரை நிறைய எழும். வன்னீரில் நுரை குறைந்து, வெண்மையான அழுக்குப் போல மிதக்கும். தற்போது இருக்கும் இடத்துக் கிணற்றையும் ஊர்க் கிணற்றையும் பிள்ளைகள் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தோட்ட மண்

ஒரு பிடி மண்ணை மழைநீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரில் செவ்வரத்தம்பூ நீர் சில துளிகள் விடுங்கள். சிவந்தால் அமிலப் பக்கம், பச்சையானால் காரப் பக்கம். மண்ணின் தன்மை மெல்லியதாயின் நிறம் தெளிவாக மாறாது. காய்ந்த மண்ணில் வினாகிரி விட்டுப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு உண்டு. அத்தகைய மண்ணில் இரும்புச் சத்தைப் பயிர் எடுப்பது கடினம். அப்போது நரம்பு பச்சையாக இருக்க இளம் இலைகள் மஞ்சளாகும். மரச் சாம்பல் மண்ணின் காரத் தன்மையைக் கூட்டுவதால், இப்படிப் பொங்கும் மண்ணில் அதை அள்ளிக் கொட்டுவது நல்லதல்ல. இது ஒரு தொடக்கக் குறிப்பே. நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த காணியில் பயிர் செய்யுமுன் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, மண்ணை முறைப்படி பரிசோதிப்பதே சரியானது.

நிறம் சொல்லாதவை

காட்டி எதைச் சொல்கின்றது என்பதைப் போல, எதைச் சொல்லவில்லை என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். குவளையில் நிறம் மாறாததால் அந்த நீர் குடிக்கத் தக்கது என்று ஆகாது. உப்பு, நோய்க் கிருமி, உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கிணற்றுக்கு ஊறும் நைத்திரேற்று ஆகிய மூன்றையும் பூ காட்டாது, கண்ணும் காட்டாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பும் நைத்திரேற்றும் போகா. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றின் எல்லையை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என வகுத்துள்ளது. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதைப் பாதித்து உயிராபத்தை உண்டாக்கலாம். ஆகவே நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியபின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவித்து நீரைப் பரிசோதிப்பியுங்கள்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

• கிணற்றுக்குப் போடும் குளோரீன் தூளைப் பிள்ளைகள் தொடக் கூடாது. அதில் புளியோ வினாகிரியோ பட்டால் நச்சு வாயு கிளம்பும்.
• பற்றரி அமிலம், கிருமிநாசினி, களைநாசினி எதுவும் பரிசோதனைக்கு உரியவை அல்ல. அவை இருந்த போத்தல்களும் வேண்டாம்.
• சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
• வாயு எழும் போத்தலை மூடியால் இறுக்க வேண்டாம்.
• பரிசோதனை நீரைக் குடிக்கக் கூடாது.
• போர் நடந்த காணிகளில் கல்லோ பூவோ தேடிப் பிள்ளைகள் தனியே போகக் கூடாது. தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

பழைய கொப்பி ஒன்றில் திகதி, செய்தது, நினைத்தது, கண்டது என நான்கு நிரல் கோடு போட்டுக் கொடுங்கள். அயல் பிள்ளைகளையும் சேர்த்து ஞாயிறு பின்னேரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீடும் காணியும் விட்டு வரும்போது பெட்டியில் இடம் பிடிக்காமல் கூட வருவது கற்ற அறிவு ஒன்றே. அதை வளர்க்கச் செவ்வரத்தம்பூ ஐந்தும் தேசிக்காய் ஒன்றும் போதும்.